ஐஸ் பெட்டிக்காரருக்கு ஒரு பக்கம்

"நல்ல புரொஃபைல் எழுதுவது எப்படி?" என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். மேடைப் பேச்சு எனக்கு ஆகாது, எழுதித் தருகிறேன் என்றேன். செங்கல்பட்டுக் கிளையில் இருந்த காலம் முழுக்க நான் செய்தது ஒரே வேலைதான். அடுத்தவர் தொழிலைப் பற்றி நாலு வரி எழுதி இணைய டைரக்டரியில் ஏற்றுவது. ஏ.சி. மெக்கானிக், பல் டாக்டர், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம், கல்யாணச் சமையல், கோவளத்தில் அலைச்சறுக்கு சொல்லித் தருபவர் என்று எல்லாரும் என் கை வழியாகப் போனவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என் முகம் ஞாபகம் இருக்காது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்த முகமாக ஒரு படம். முதல் வரியில் வரவேற்பு. அனுபவம் எத்தனை வருடம். வாடிக்கையாளர் விமர்சனம். எல்லாக் கட்டமும் நிரம்பினால் மேலே இருக்கும் பச்சைக் கோடு முழுசாகும், தேடுகிறவர் கண்ணில் அந்தப் பக்கம் முதலில் படும். பெரும்பாலானவர்களுக்கு இது சரிதான். குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டங்களுக்குள் அடங்காத ஒருவர் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அப்படி வந்து நின்றவர் எத்திராஜ்.

எத்திராஜ் படாளத்துக்காரர். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மனைவியோடு கேளம்பாக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தார். இறந்தவர்களை வைக்கும் குளிர்ப் பெட்டியை வாடகைக்கு விடுவது அவர் தொழில். நம் பக்கத்தில் ஐஸ் பெட்டி என்போம். இரண்டு பெட்டி, கடனில் எடுத்த ஒரு சின்ன வண்டி. பெட்டி யார் கண்ணிலும் படக்கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. அதனால் பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார்.

முதல் நாள் அலுவலகத்துக்கு வந்தவர் கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க, ஏன் அங்கேயே நிக்கறீங்க?" என்றேன்.

"தொழில் இன்னான்னு தெரிஞ்சா நீங்களே வெளிய நில்லுன்னுவீங்க மேடம்."

தெரிந்துகொண்ட பிறகும் உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டைரக்டரியில் போட்டால் என்ன கிடைக்கும் என்று மற்றவர்கள் பேரம் பேசுவார்கள். இவர் பேசவில்லை.

"எனக்கு இத வுட்டா வேற வழி இல்ல மேடம். என் நம்பர எவன் போன்ல போட்டு வெச்சிக்குவான்? கார்டு குடுத்தா, வாங்கினவன் தெரு முனையில கீழ போட்டுட்டு போறான். வூட்ல ஆள் போனப்புறம்தான் தேடுவான். ஒவ்வொரு தபாவும் புதுசாத்தான் தேடுவான்."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். பிளம்பர் எண் எல்லார் போனிலும் இருக்கிறது, எலக்ட்ரீஷியன் எண் இருக்கிறது. ஐஸ் பெட்டிக்காரர் எண்ணைச் சேமித்து வைத்த ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. என்னிடமும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பும்போது யாரிடமும் எதுவும் சொல்வதில்லையாம். "போயிட்டு வரேன்னு எப்படி மேடம் சொல்றது? அப்படியே வண்டி ஏறிடுவேன். அவங்க கூப்புடாம அந்த வூட்டு வாசப்படி மறுபடி மிதிக்க மாட்டேன். அந்தத் தெருவுல நின்னு டீ கூட குடிக்க மாட்டேன். என் மூஞ்சப் பாத்தா அவங்களுக்கு இன்னா தோணும்?"

அவருடைய பக்கத்தை எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் யோசித்தேன். அழுதுகொண்டிருப்பவர் படிக்க மாட்டார். "நீ போய் ஐஸ் பெட்டிக்குச் சொல்லு" என்று யாரோ ஒரு மருமகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ தள்ளிவிட்டிருப்பார்கள். அவர் வாசலில் செருப்புக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டு ஒற்றை விரலால் தேடுவார். அவருக்கு எத்திராஜின் அனுபவமும் தேவையில்லை, வரவேற்பும் தேவையில்லை. அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதினேன். எந்நேரமும் போனை எடுப்போம். கேளம்பாக்கத்திலிருந்து கிளம்புவோம், வந்து சேரும் நேரத்தைப் போனிலேயே சொல்லிவிடுவோம். பெட்டி லிஃப்ட்டில் போகாவிட்டால் படியில் தூக்கி வருவோம். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டு. அவ்வளவுதான். படத்துக்கு, கழுவி நிறுத்திய வெறும் வண்டி. எத்திராஜின் முகம் வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பச்சைக் கோடு பாதியில் நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அழைப்புகள் வரத் தொடங்கின. ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளிலிருந்து, கடற்கரை ஊர்களிலிருந்து, உள்ளே கிராமங்களிலிருந்து. எத்தனை வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடிய கேள்வியா அது?

பிறகு ஒரு கல்யாணத்துக்காக ஒரு வாரம் லீவில் போனேன். அந்த வாரம் கிளையில் ஒரு கூட்டம் போட்டு, பாதியில் நிற்கும் பக்கங்களையெல்லாம் முழுசாக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரவீன் என்று ஒரு இளைஞன் எங்களோடு அந்த வருடம்தான் சேர்ந்திருந்தான். நல்ல பையன், வேலையில் வேகம். எத்திராஜின் பக்கத்தில் நிரம்பாத கட்டங்களைப் பார்த்தவன், பக்கத்தைப் பார்த்து அழைத்தவர்களுக்குத் தானாகப் போகும் செய்திகள் அத்தனையையும் ஒரே தட்டாகத் தட்டி இயக்கிவிட்டான். கோடு முழுசாகப் பச்சையானது. நான் திரும்பி வந்தபோது அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் ஏதும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

கோவளத்தில் ஆன்டோ என்று ஒருவர். படகு வைத்துத் தொழில் செய்கிறவர். அவருடைய அப்பா இறந்தபோது தம்பி வெளிநாட்டிலிருந்து வந்துசேரும் வரை எத்திராஜின் பெட்டிதான் வீட்டில் இருந்தது. அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்து, கோயிலிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். ஆன்டோவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எத்திராஜின் பெயரில், பூங்கொத்துப் படத்தோடு.

"அன்புள்ள வாடிக்கையாளரே! எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. ஒரு மாதம் ஓடிவிட்டது! அடுத்த முறை அழைக்கும்போது சிறப்புச் சலுகை உண்டு. உற்றார் உறவினருக்கும் எங்களைப் பரிந்துரையுங்கள்!"

அந்த வீட்டின் உள்ளறையில் ஆன்டோவின் அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தார். அது நமக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர்களுக்குத் தெரியுமே. 'அடுத்த முறை' என்பதை அந்தப் பந்தியில் ஒவ்வொருவரும் எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆன்டோ அன்றே எத்திராஜின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினார். "செத்த வூட்டுக்கு ஆஃபர் அனுப்புறான். இவனைக் கூப்பிடாதீங்க." கீழே அந்தச் செய்தியின் படம்.

இந்தத் தொழிலுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை என்பதைக் கவனியுங்கள். எழுத மனசு வராது. அதனால் அந்தப் பக்கத்துக்கு வந்த முதல் விமர்சனமும் அதுதான், ஒரே விமர்சனமும் அதுதான். எண்ணைச் சேமித்து வைக்காத ஊர், தேடும் இடத்தில் அதைத்தான் பார்த்தது. அழைப்பு நின்றுபோனது.

எத்திராஜ் போன் செய்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னா மேடம் அனுப்பிட்டீங்க என் பேர்ல?" என்றார். "போனு அடிக்கவே மாட்டுது. வண்டி சும்மா நிக்குது. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா கடன்காரன் வண்டிய தூக்கிகினு போய்டுவான். வேற வேலைக்குப் போலாம்னா, ஐஸ் பொட்டிக்காரன எவன் மேடம் சேத்துப்பான்?"

நான் போனை வைத்துவிட்டு முதலில் செய்தது தானாகப் போகும் செய்திகளை நிறுத்தியது. வரிசையில் இன்னொன்று காத்திருந்தது. கேளம்பாக்கத்து அடுக்குமாடி ஒன்றுக்கு, மறுநாள் போயிருக்கும். தப்பு யாருடையது என்று எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டால் அன்று முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். பேசட்டும். அதற்குள் அடுத்த தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

பிரவீன் முகம் செத்துப்போயிருந்தது. நான் திட்டவில்லை. திட்ட வேண்டியது அவனை இல்லை. நண்பர்களை வைத்து ஐந்து நட்சத்திர விமர்சனம் நாலைந்து போட்டால் பழையது கீழே போய்விடும் என்று மேனேஜர் சொல்லியிருந்ததால், அவனாகவே ஒன்றை எழுதிக் கொண்டுவந்து காட்டினான். "அருமையான அனுபவம்! குடும்பத்தோடு அனைவரும் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்க வேண்டிய சேவை." படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டான்.

மேனேஜரின் இரண்டாவது யோசனை, தவறு நம்முடையது என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதி அந்த விமர்சனத்தையே நீக்கச் சொல்வது. நீக்கலாம். ஆனால் ஆன்டோ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லையே? செய்தி வந்தது உண்மை, எத்திராஜின் பெயரில் வந்ததும் உண்மை. பக்கத்தில் அழித்துவிடலாம், கோவளத்தில் ஒவ்வொரு போனிலும் சுற்றிக்கொண்டிருக்கும் படத்தை என்ன செய்வது? அனுப்பியது எத்திராஜ் இல்லை, நாங்கள் என்று அந்த வீட்டில் போய் யாராவது சொல்ல வேண்டும். எத்திராஜ் போக முடியாது. அவர் போய் அந்த வாசலில் நின்றால் செய்தியைவிட அது பெரிய வினை. போன்கூடப் பண்ண முடியாது. எனவே நான் கிளம்பினேன்.

"கம்பெனி தப்புன்னு அங்க எழுத்துல எதுவும் குடுத்துடாதீங்க" என்றார் மேனேஜர்.

"எழுத்துல தர மாட்டேன் சார். வாயால சொல்லிட்டு வரேன்" என்றேன்.

பஸ் பிடித்துக் கோவளத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். ஆன்டோ வாசலில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னா, ஸ்டார எடுக்கச் சொல்ல வந்தியாம்மா?"

"இல்லப்பா. அது இருக்கட்டும். அந்தச் செய்தியை அனுப்பினது எங்க கம்பெனி. அவருக்கு அது போனதே தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அத அந்த ஆளு வந்து சொல்ல மாட்டானா? பொம்பளய அனுப்பிட்டு வூட்ல குந்திகினு கீறானா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். யோசித்து வைத்ததை விட்டுவிட்டு, வாயில் வந்ததைக் கேட்டேன்.

"வரச் சொல்லட்டுமா? இந்த வாசல்ல வந்து நிக்கட்டுமா? உங்க அம்மா உள்ள படுத்திருக்காங்கன்னு இப்பதான் தெருவுல சொன்னாங்க."

ஆன்டோ சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எஞ்சின் பக்கத்தில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். நான் அப்படியே நின்றேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து இன்னும் கொஞ்சம் விளக்கியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யார்ரா அது?"

"யாரும் இல்லம்மா. கம்பெனி பொம்பள."

"ஐஸ் பொட்டி கம்பெனியா? உள்ள வரச் சொல்லு."

உள்ளே போனேன். கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, கண் மட்டும் துறுதுறுவென்று இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அடுத்த தபாவுக்கு ஆஃபர்னு போட்டீங்களாமே. எனக்கு எவ்ளோ கொறைப்பீங்க?"

"யம்மா!" என்று வாசலிலிருந்து கத்தினார் ஆன்டோ.

அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "இவனுங்க எங்கிட்ட காட்டாம ஒளிச்சு வெச்சானுங்க. பக்கத்து வூட்டுக்காரி வந்து படிச்சுக் காட்டிட்டா. எனக்கு ஒன்னும் இல்ல. இவன்தான் பயந்துகினு கீறான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்த ஆளு ஒன்னும் மோசம் இல்லம்மா. எங்க வூட்டுக்காரர பொட்டியில எறக்கறப்ப தலை இடிச்சுடப் போவுதுன்னு கைய குடுத்து எறக்கினாரு. செத்தவருக்கு இன்னா வலிக்கவா போவுது? ஆனா குடுத்தாரு. நான் பாத்துகினுதான் இருந்தேன். கரண்ட்டு பூடுச்சுன்னு அவரே வந்து பாத்துட்டு, ஒரு வார்த்த பேசாம போனாரு" என்றார்.

அதற்குள் ஆன்டோ கதவருகில் வந்து நின்றிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்டிருந்தால் விமர்சனத்தை எடுத்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டவள் கையோடு கைம்மாறும் கேட்டால், மன்னிப்புக் கேட்டது எதற்காக என்று ஆகிவிடும். டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வாரம் பிரவீன் ஓடி வந்து திரையைக் காட்டினான். ஆன்டோ தான் எழுதியதை மாற்றியிருந்தார். "மெசேஜ் அனுப்பினது கம்பெனி தப்பு. பெட்டிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கரண்ட் போனப்போ அவரே வந்து பார்த்தார். எங்க அப்பாவை தலை இடிக்காம கை குடுத்து இறக்கினார். அம்மா எழுதச் சொன்னாங்க." நட்சத்திரம் மட்டும் அப்படியே ஒன்று.

மறந்துவிட்டாரோ என்று பிரவீன் போன் பண்ணிக் கேட்டேவிட்டான். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம். "சாவு வூட்டுக்கு வந்ததுக்கு அஞ்சு ஸ்டார் குத்துவாங்களா? இன்னா பேசற நீ?" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது.

இதற்குள், விமர்சனத்தை நீக்கச் சொல்லி மேனேஜர் எழுதியதற்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. கம்பெனி தவறு என்பதால் விமர்சனத்தை நீக்கலாம், பக்கத்தின் உரிமையாளர் சரி என்று சொன்னால் போதும். நீக்கினால் ஒற்றை நட்சத்திரம் போய்விடும், பக்கம் பழையபடி மேலே வரும். வைத்திருந்தால் கீழேதான் கிடக்கும். இதை எத்திராஜிடம் நேரிலேயே சொல்ல வேண்டும் என்று கேளம்பாக்கத்துக்குப் போனேன்.

கொட்டகையில் தார்ப்பாயைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, போனில் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் மனைவி வாங்கிச் சத்தமாகப் படித்தார். எத்திராஜ் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இன்னொரு தபா படி" என்றார்.

படித்தார்.

"தலை இடிக்காமன்னா போட்டிருக்கு?"

"ஆமா."

தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "இத்தன வருசமா பண்றேன் மேடம். நல்லா பண்ணேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அவங்க மேல தப்பு இல்ல. அந்த நேரத்துல எப்படி சொல்வாங்க? அப்புறம் நாம எங்க போய் நிக்கறது கேக்க?"

மனைவியிடமிருந்து போனைத் தன் கையில் வாங்கினார்.

"ஸ்டார எடுத்தா இந்த எழுத்தும் பூடுமா மேடம்?"

"போயிடும்."

"அப்ப வுட்ருங்க."

அவர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "கீழ கெடந்தா எவன் பாப்பான்? வண்டிக்குக் கட்ட வேணாமா?"

"பாக்கறவன் படிப்பான்" என்றார் எத்திராஜ். "படிக்காதவன் வேற ஆளக் கூப்புட்டுக்கட்டும்."

எனக்கும் உள்ளூரப் பயம்தான். வண்டி அவருடையது, வயிறு அவருடையது, முடிவும் அவருடையது என்று நீக்க வேண்டாம் என எழுதிக் கொடுத்துவிட்டேன். அழைப்பு மெதுவாகத்தான் திரும்பியது. பக்கம் எங்கோ அடியில் இருந்தும், விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் அங்கே நின்று படித்தார்கள். மற்ற பக்கங்களில் படிக்க எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். போன் எடுத்தால் சிலர் நேரத்தையோ வாடகையையோ கேட்பதில்லையாம். "தலை இடிக்காம இறக்கறவர்னு போட்டிருக்கே, அது நீங்கதானா?" என்று கேட்கிறார்களாம். வண்டி அவரிடமே இருக்கிறது.

மதிப்பு குறைந்த பக்கங்களைச் சரிசெய்யச் சொல்லி உங்களுக்கு அவ்வப்போது ஒரு பட்டியல் வரும். அதில் எத்திராஜின் பெயர் எப்போதும் முதலில் இருக்கும். நீங்கள் புதிதாக வந்தவர்கள், கை துறுதுறுக்கும். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.